கைநாட்டு விழாத கைகள்

அறுபதுக்கு அப்பால் – 9

கண்ணையும் மூட்டையும் போன வாரங்களில் பார்த்துவிட்டோம். இந்த வாரம் விரல் நுனி. முதுமை அங்கே செய்யும் வேலையை டாக்டருக்கு முன்பே கண்டுபிடித்துவிடுவது ரேஷன் கடை மிஷின்தான்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் வழியில், மயிலம் பக்கத்துக் கிராமம் ஒன்று. முதியோர் பணம் கொடுக்க, வங்கி முகவரான இளம்பெண் திண்ணையில் மிஷினோடு உட்கார்ந்திருக்கிறார். "ஆயா, கையத் துடைச்சிட்டு இன்னொரு வாட்டி வையி." கட்டை விரல் விழவில்லை. ஆள்காட்டி விரலும் விழவில்லை. ஆயா விரலைத் தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றிக்கொண்டு மறுபடி வைக்கிறார். ஊஹூம். "மல்லாட்ட ஆஞ்சி ஆஞ்சியே தேஞ்சிபோச்சி கண்ணு, இனிமே எங்க விழும்?"

ஆயா சொன்னது பாதிதான். ரேகையின் அமைப்பு தாய் வயிற்றில் ஆறாம் மாதவாக்கிலேயே முடிவாகிவிடும்; அது சாகும்வரை மாறாது. மாறுவது தோல். வயது ஏற ஏறக் கொலாஜன் குறைகிறது, நெகிழ்வு போகிறது, வியர்வை குறைகிறது. ரேகை மேடுகள் தட்டையாகின்றன. காய்ந்த தோல் மிஷின் கண்ணாடியில் சரியாகப் பதிவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவருக்கும் இது நடக்கும், கொஞ்சம் தாமதமாக. மல்லாட்டை (நிலக்கடலை) ஆய்ந்த கை, மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரிய கை, சூளையில் மண் பிசைந்த கை ஆகியவற்றுக்கு முந்திக்கொள்கிறது. ஆக, அதிகம் உழைத்தவரைத்தான் மிஷின் 'யாரென்று தெரியாது' என்கிறது. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல, ஆனாலும் அநியாயம்தான்.

1962-ல் காமராஜர் ஆட்சியில் முதியோர் ஓய்வூதியம் தொடங்கியபோது மாதம் 20 ரூபாய். தபால்காரர் மணியார்டராகக் கொண்டுவந்து, மை தடவிக் கைநாட்டு வாங்கிக்கொண்டு கொடுத்த காலம் நெடுநாள் நீடித்தது. அந்த ரேகை தெளிவாக விழுந்ததா என்று யார் பார்த்தார்கள்? தபால்காரருக்கு ஆயாவின் முகம் தெரியும். (அதில் அஞ்சு பத்து பிடித்துக்கொண்டவர்களும் உண்டு, மறைப்பானேன்.) தொகை 2011-ல் 1,000 ஆகி, 2023-ல் 1,200 ஆனது. முகம் தெரிந்த ஆள் இருந்த இடத்தில் மிஷின் வந்துவிட்டது.

தமிழகத்தில் 2021-ல் நூற்றுக்கு 13.6 பேர் அறுபது வயதைத் தொட்டவர்கள் என்பது மத்திய அரசின் கணிப்பு. 2031-ல் அது 18.2 ஆகுமாம். விரல் விழாதவர்கள் இனிப் பெருகத்தான் போகிறார்கள். 2025 ஆகஸ்டில் வந்த தாயுமானவர் திட்டம், தொடங்கியபோது எழுபது தாண்டியவர்களுக்கு ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுபோனது. நல்ல காரியம். அந்த வயதை எட்டாத முதியவர் அப்போதும் வரிசையில்தான் நின்றார்.

வீட்டில் வயதானவர் இருந்தால், பணம் நின்றுபோகும்வரை காத்திருக்காதீர்கள். தாலுகா அலுவலகத்திலோ அஞ்சலகத்திலோ உள்ள ஆதார் மையத்துக்கு அழைத்துப்போய், விரல் ரேகையையும் கருவிழியையும் புதிதாகப் பதியச் சொல்லுங்கள். பத்து விரலையும் வைத்துப் பார்த்து, எது நன்றாக விழுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கட்டை விரல் தேய்ந்திருந்தாலும், வேலையில் அதிகம் படாத மோதிர விரல் விழக்கூடும்.