திரிந்துபோன கிரீம்

மோர்க்குழம்பு திரிந்துபோனால் ஒரு ரசத்தை வைத்துச் சமாளித்துவிடலாம். ஆசை ஆசையாய் வீட்டில் செய்த முகக் கிரீம் திரிந்துபோனால்? தங்கையின் கல்யாணத்துக்கு என் கையாலேயே கிரீம் செய்து தருகிறேன் என்று சவடால் அடித்துவிட்டு, மூன்றாம் நாள் ஜாடியைத் திறந்தேன். மேலே பாதாம் எண்ணெய் மிதக்கிறது, கீழே தண்ணீர் தேங்கி நிற்கிறது. என் முகத்தில் வழிந்த அசட்டுக்களையை நீங்கள் பார்த்திருக்க வேண்டுமே!

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாத சம்பந்திகள். நடுவில் சமாதானம் பேச ஆள் இல்லாவிட்டால் ஒரே பந்தியில் உட்கார மாட்டார்கள். 2-ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வைத்தியம் செய்த கேலன், தேன்மெழுகு, ஆலிவ் எண்ணெய், பன்னீர் இவற்றைக் கலந்து ஒரு களிம்பு செய்தார். தண்ணீர் அதில் சரியாகப் பிடிபடவில்லை. தோலில் பட்டதும் ஆவியாகிச் சில்லென்றது. 'கோல்டு கிரீம்' என்ற பெயர் அதனால் வந்ததுதான். நமக்கோ இன்று எமல்ஸிபையிங் வாக்ஸ் கிடைக்கிறது. சமாதானம் பேசுவது அதன் வேலை.

100 கிராம் கிரீமுக்கு அந்த வாக்ஸ் 6 கிராம், ஸ்டியரிக் ஆஸிட் 3, பாதாம் எண்ணெய் 15, கிளிஸரின் 4, காய்ச்சி வடித்த தண்ணீர் 71, கெடாமல் காக்கும் மருந்து 1 கிராம். ஸ்பூனால் அளக்காதீர்கள்; தராசில் நிறுங்கள். நான் ஸ்பூனை நம்பியதில் வாக்ஸ் குறைந்தது.

அது முதல் தப்பு. இரண்டாவது தப்பு, கொதிக்கும் எண்ணெயில் அலமாரியிலிருந்த பன்னீரை அப்படியே கொட்டியது. மெழுகு தண்ணீரை அணைத்துக்கொள்ளும் முன்பே உறைந்துவிட்டது! எண்ணெய், வாக்ஸ், ஸ்டியரிக் ஆஸிட் ஒரு பாத்திரத்திலும், தண்ணீரும் கிளிஸரினும் இன்னொன்றிலுமாக, இரண்டும் 70 டிகிரி செண்டிகிரேடு சூட்டில் இருக்கும்போது கலக்க வேண்டும். ஆறுகிற வரை கிண்டுவதை நிறுத்தக் கூடாது. பாதியில் 'டெலிபோன் மணி அடிக்கிறது' என்று எழுந்து போனால் கட்டி கட்டியாகிவிடும்.

அன்றே பிரிந்தால் கவலை வேண்டாம். மறுபடி 70 டிகிரிக்குச் சூடாக்கி, ஆவியான தண்ணீரை ஈடுசெய்து, வாக்ஸ் குறைவென்றால் கொஞ்சம் சேர்த்துக் கிண்டுங்கள். பல வாரம் கழித்து நீர்த்துப் போனதையோ நாற்றம் அடிப்பதையோ மட்டும் காப்பாற்ற முயலாதீர்கள். அதில் கிருமிகள் குடிவந்திருக்கலாம்.

'வைட்டமின் ஈ போட்டேனே' என்பீர்கள். அது எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் காக்குமே தவிர, பூஞ்சையைத் தடுக்காது. கற்றாழைச் சோறும் வீட்டுப் பன்னீரும் பூஞ்சைக்கு விருந்து மாதிரி. பினாக்ஸிஎத்தனால் கலந்த மருந்தை, கிரீம் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு, லேபிளில் சொன்ன அளவுக்கு மேல் போகாமல் சேருங்கள்.

இரண்டாம் ஜாடியை ஒரு இரவு ஐஸ் பெட்டியின் உறைபெட்டியில் வைத்தேன். மறுநாள் வெளியே எடுத்து உருகவிட்டேன். பிரியவில்லை. அப்புறமும் தங்கை முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்குக் கொண்டுபோனாள். முதல் ஜாடியில் கறுப்புப் புள்ளிகள் பூத்திருந்தன. 'மேலே சுரண்டிவிட்டு உபயோகிக்கலாமே' என்றாள் அத்தை. ஜாடியோடு குப்பையில் போட்டேன்.