பூச்சுக்குள்ளே மக்கும் மரம்

மரத்தைப் பற்றி ஒரு பாடம் படிக்கிறோம், பூச்சைப் பற்றி ஒரு பாடம் படிக்கிறோம். ஆனால் பழைய கட்டடங்களில் தொல்லை வருவது இரண்டும் சந்திக்கிற இடத்தில்தான். விடுமுறையில் ஒரு மேஸ்திரியோடு பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டு ரிப்பேருக்குப் போனபோது இதை நேரில் பார்த்தேன்.

மெட்ராஸ் டெரஸ் என்றால் என்ன? தேக்குக் கட்டைகளைச் சுவரில் வரிசையாகப் பதித்து, அவற்றின் மேல் மெல்லிய செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் மூலைவாட்டாக நிறுத்தி அடுக்குவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு இடித்து, தட்டோடு பதிப்பார்கள். கட்டையின் முனை சுவருக்குள் மறைந்திருக்கும். மக்குவதும் அந்த முனைதான்.

ஏன் மக்குகிறது? மரத்தைத் தின்பது தண்ணீர் இல்லை, பூஞ்சைக் காளான்! மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் காளானுக்குப் பிழைப்பு இல்லை. சுண்ணாம்புப் பூச்சு, சுவருக்குள் புகுந்த ஈரத்தை மெல்ல வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமெண்ட் பூசி, கெட்டியாகப் பெயிண்ட்டும் அடித்தால், வெடிப்பு வழியே போன தண்ணீர் திரும்பி வர வழியில்லாமல் மரத்தில் ஊறும்.

நாங்கள் போன வீட்டிலும் இதே கதை. மழைநீர்க் குழாய் ஓரமாகச் சிமெண்ட் பூச்சு உப்பியிருந்தது. "மேஸ்திரி, பூச்சுதான் பொரிஞ்சு போச்சு. மறுபடி பூசிக் கொடுத்தாப் போதும்" என்றார் வீட்டுக்காரர். மேஸ்திரி சுத்தியல் காம்பால் தட்டினார்; பொத்தல் சத்தம். ஸ்க்ரூ டிரைவரால் கட்டையைக் குத்தினார். ஒரு அங்குலம் உள்ளே போனது. "பூசினா ஒரு வருஷம் அழகா இருக்கும் ஐயா. கட்டை இருக்காது" என்றார். அந்தக் கட்டைக்கு நேர் கீழேதான் குழந்தைகள் படுப்பார்கள்!

வேலை நடந்த வரிசை இது:

1. தண்ணீர் வரும் வழியை அடைத்தல். குழாய், கைப்பிடிச் சுவர் மூட்டு, தட்டோட்டு வெடிப்பு எல்லாவற்றையும் சரி செய்யாமல் மரத்தைத் தொடக்கூடாது.

2. முட்டுக் கொடுத்தல். பக்கத்துக் கட்டைகளையும் சேர்த்துத் தாங்கும்படி பலகை வைத்து, ஆப்பு அடித்து இறுக்கிய பிறகுதான் பூச்சை உடைக்க வேண்டும்.

3. மக்கியதை வெட்டி எடுத்தல். நல்ல மரம் தெரிகிற வரை வெட்ட வேண்டும். காளான் பரவியிருந்தால் அதற்கு மேலும் ஒரு அடி.

4. இணைத்தல். பழைய கட்டையின் இரு பக்கமும் காய்ந்த தேக்குச் சட்டம் அல்லது இரும்புச் சேனல் வைத்து போல்ட் போட வேண்டும். நீளமும் போல்ட் எண்ணிக்கையும் பாரத்தைக் கணக்குப் போட்டு முடிவு செய்வது, குத்துமதிப்பு உதவாது.

5. முனையைக் காப்பாற்றுதல். போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பூசலாம். ஐ.எஸ். 401 மரப் பாதுகாப்புக்கான நம் நாட்டு விதிமுறை. முனையைச் சிமெண்டால் மூடாமல், கல்லின் மேல் உட்கார வைத்துச் சுற்றிலும் காற்றுக்கு இடம் விட வேண்டும்.

6. சுவர் காய்ந்த பிறகு சுண்ணாம்புப் பூச்சு.

இது நம்மூர்ப் பழைய வீடுகளின் வியாதி மட்டும் இல்லை. கனடாவின் வான்கூவர் பகுதியில் 1980களிலும் 90களிலும் மரச் சட்டத்தின் மேல் பூச்சுப் பூசிக் கட்டிய புத்தம் புது அடுக்குமாடிகள் உள்ளுக்குள் மக்கின. வீட்டுக்காரர்கள் பெரும் பணத்தை இழந்தார்கள். அந்த மாநிலத்தின் முன்னாள் முதல்வர் டேவ் பாரெட் தலைமையில் 1998-ல் விசாரணைக் கமிஷனே போட்டார்கள்! பிறகு அங்கே வந்த தீர்வு, பூச்சுக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி விட்டு, புகுந்த தண்ணீர் வடிந்து காய வழி செய்வது. சாமான் வேறு, பாடம் ஒன்றுதான்.

நண்பர்களே, நாளைக்கு நாமும் சைட்டில் நிற்கப் போகிறோம். மறுபூச்சுக்கு எஸ்டிமேட் போடுவது சுலபம். "ஏன் பொரிஞ்சது?" என்று முதலில் கேளுங்கள். தண்ணீர் உள்ளே வரும் வழியையும், வெளியே போகும் வழியையும் கண்டுபிடித்த பிறகு கரண்டியைக் கையில் எடுப்போம்!