மாங்க்ஸ் வண்டியும் அரிசி மூட்டையும்

2020 ஏப்ரல் 17. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு பால் பாக்கெட்டைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்துக்கொண்டிருந்த நேரம். செல்போனில் வந்த ஒரு செய்தியைப் பார்த்து நான் போட்ட கூச்சலில் மனைவி அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள்.

"என்னங்க ஆச்சு?"

"டி.வி.எஸ். நார்ட்டனை வாங்கிடுச்சும்மா!"

"கம்ப்யூட்டர்ல போடுற வைரஸ் மருந்தா? கொரோனாவுக்குக் கேக்குமா அது?"

சிரிப்பு அடங்கவே கொஞ்ச நேரம் ஆனது. ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் வீட்டில் ஒரு டி.வி.எஸ். 50 இருந்தது. அப்பா ஓட்டுவார், பின்னால் அம்மா, முன்னால் ரேஷன் அரிசி மூட்டை, மூட்டைமேல் நான். அந்த வண்டியைச் செய்த கம்பெனி, ஐல் ஆஃப் மேன் தீவின் மலைச்சாலையில் பந்தய வீரர் ஜெஃப் டியூக் பறந்த வண்டியின் கம்பெனியை விலைக்கு வாங்கிவிட்டது. 1.6 கோடி பவுண்டு. நம் காசுக்கு 153 கோடி ரூபாய். மொத்தமும் ரொக்கம்!

அன்றிலிருந்து இந்தக் கதையின் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. பார்க்கப் பார்க்கக் கிறுகிறுப்பு ஏறுகிறது. எனக்குக் கிறுகிறுப்பு தந்தது பந்தயக் கோப்பைகள் இல்லை, போல்ட்டும் நட்டும்தான். அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பழங்கதை.

பர்மிங்ஹாமில் 1898-ல் ஜேம்ஸ் லான்ஸ்டவுன் நார்ட்டன் உதிரி பாகம் செய்யத் தொடங்கிய பட்டறைதான் பிள்ளையார் சுழி. 1902-ல் முதல் மோட்டார் சைக்கிள். 1907-ல் ஐல் ஆஃப் மேனில் நடந்த முதல் டி.டி. பந்தயத்திலேயே இரட்டை சிலிண்டர் பிரிவில் ரெம் ஃபௌலர் நார்ட்டனில் வென்றார். எஞ்சின் மட்டும் பிரான்ஸின் பூஜோ, இரவல் சரக்கு! பெட்ரோல் டேங்கில் வாலைச் சுழற்றிக்கொண்டு நிற்குமே அந்த 'என்' எழுத்து, அதை நார்ட்டனும் அவர் மகள் எத்தலும் சேர்ந்து வரைந்தார்கள். ஒரு அப்பாவும் பெண்ணும் வரைந்த கோலம் நூறு வருடத்துக்கு மேல் அழியாமல் இருக்கிறது. கம்பெனிதான் அடிக்கடி அழிந்தது. முதல் திவால் 1913-லேயே வந்துவிட்டது.

சே குவேரா படம் போட்ட டீ-ஷர்ட்டோடு நம்மூரில் பைக் ஓட்டும் தம்பிகளை மடக்கி நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு. 1952-ல் சேவும் நண்பர் அல்பெர்த்தோ கிரானாதோவும் தென்னமெரிக்காவைச் சுற்றக் கிளம்பிய வண்டி எது? 1939-ஆம் வருடத்து 500 சிசி நார்ட்டன். 'பலசாலி' என்று பெயர் வைத்திருந்தார்கள். சிலி நாட்டில் உயிரை விட்டது பலசாலி. மிச்சப் பயணம் லாரியிலும் நடையிலும்.

இனி ஆசை தீர ஒரு இடத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். நார்ட்டனின் மூளை எப்படி வேலை செய்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஒரே உரலில் இரண்டு பெண்கள் நெல் குத்தும்போது உலக்கைகள் மாறி மாறி விழும். ஒன்று ஏறும்போது ஒன்று இறங்கும். அந்தக் காலத்து இங்கிலீஷ் இரட்டை சிலிண்டர் எஞ்சினில் இரண்டு உலக்கையும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். சத்தம் என்னவோ தேன்தான். ஆனால் எஞ்சினைப் பெரிதாக்க ஆக்க ஆட்டம் தாங்காது. 1962-ல் வந்த 750 சிசி அட்லஸ் அப்படித்தான், கைப்பிடியைப் பிடித்த கை மரத்துப்போகும். நார்ட்டன் பொறியாளர்கள் ஆட்டத்தை நிறுத்தப் பார்க்கவில்லை. 'ஆடு, எவ்வளவு வேண்டுமானாலும் ஆடிக்கொள்' என்று எஞ்சின், கியர்பாக்ஸ், பின்சக்கரத்தைத் தாங்கும் கை எல்லாவற்றையும் ஒரே கட்டாக முறுக்கி, அந்தக் கட்டையே ரப்பர் புஷ்களில் ஃபிரேமுக்குள் தொங்கவிட்டார்கள். எஞ்சின் உள்ளே சாமியாடும், ஓட்டுகிறவருக்கு மேலே ஊஞ்சல். 1967-ல் கமாண்டோ என்ற பெயரில் வந்த அந்த வண்டிக்கு மக்கள் வாக்களித்து ஐந்து வருடம் தொடர்ந்து ஆண்டின் சிறந்த வண்டி பட்டம் கொடுத்தார்கள். வீட்டில் தொல்லை தருகிறவரை அடக்காமல் தனி அறை கொடுத்து வைப்பது போன்ற தந்திரம். ஆனால் அந்த ரப்பருக்கும் உலோகத்துக்கும் நடுவே விட்ட இடைவெளியை அவ்வப்போது அளந்து சரிசெய்ய வேண்டும். விட்டால் வளைவில் வண்டி வழுக்கலாக ஆடும்.

அறிவு ஏராளம், அளந்து சரிபார்க்கும் பொறுமை குறைவு. இது வண்டியைப் பற்றியா, கம்பெனியைப் பற்றியா என்று கேட்டால் இரண்டையும்தான் சொல்கிறேன். 1970-களில் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் தொழிலே ஜப்பான் அலையில் மூழ்கியது. நார்ட்டனும் போனது. அப்புறம் பல கைகள் மாறியது. 1992-ல் ஸ்டீவ் ஹிஸ்லாப் வெள்ளை நிற ரோட்டரி நார்ட்டனில் சீனியர் டி.டி.யை வென்றார். 1961-க்குப் பிறகு நார்ட்டனுக்குக் கிடைத்த முதல் சீனியர் வெற்றி அது. கோப்பை கையில், கஜானா காலி. இந்தக் கம்பெனிக்கு அது பழகிப்போன நிலை.

2008-ல் வந்த முதலாளி காலத்தில் விளக்குகள் மறுபடி எரிந்தன. கம்பெனி டானிங்டன் ஹால் என்ற பதினெட்டாம் நூற்றாண்டு மாளிகைக்குக் குடிபோனது. அந்த மாளிகைக்கு ஒரு கிளைக்கதை உண்டு, சொல்லாமல் போக மனம் வரவில்லை. முதல் உலகப் போரில் அங்கே ஜெர்மானிய அதிகாரிகளை அடைத்து வைத்திருந்தார்கள். 1915-ல் குந்தர் ப்ளூஷோவ் என்ற விமானி வேலி தாண்டி, லண்டனில் கொஞ்ச நாள் ஒளிந்திருந்து, கப்பலேறி ஊர் போய்ச் சேர்ந்தார். பிரிட்டனிலிருந்து தப்பித்துத் தாய்நாடு சேர்ந்த ஒரே ஜெர்மானியப் போர்க்கைதி அவர். நூறு வருடம் கழித்து அதே மாளிகையிலிருந்து வெளியே வர முடியாமல் தவித்தவை மோட்டார் சைக்கிள்கள். பணம் கட்டியவர்கள் வருடக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2020 ஜனவரியில் கம்பெனி நொடித்தது. இருநூறுக்கும் மேற்பட்டவர்களின் ஓய்வூதியப் பணம் உள்ளே சிக்கியிருந்தது தெரியவந்தது. விதிமீறி அந்தப் பணத்தைக் கம்பெனியில் போட்டதை முதலாளி நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 2022-ல் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது.

என் வெட்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த முதலாளி காலத்து நார்ட்டன் வி4 எஸ்எஸ் வண்டியின் படம்தான் என் கம்ப்யூட்டர் திரையில் வெகுநாள் இருந்தது. கண்ணாடிபோல் மெருகேற்றிய அலுமினிய ஃபிரேம், கார்பன் ஃபைபர் உடம்பு, வளைந்த எழுத்து. அழகு என்றால் அப்படி ஓர் அழகு!

அந்த அழகியைப் புதுச் சொந்தக்காரர்களின் பொறியாளர்கள் பிரித்து மேய்ந்தார்கள். 35 குறைகள்! பாதுகாப்பே கேள்விக்குறி என்று, வண்டியை ஓட்ட வேண்டாம் என 2021-ல் உரிமையாளர்களுக்குச் சொல்லும்படி ஆனது. கையில் காசும் பழைய பெயரும் கிடைத்த எவரும் முதலில் செய்வது விளம்பரம். இவர்கள் வெளியிட்டதோ தங்கள் பெயரிலேயே விற்ற வண்டியின் குற்றப் பட்டியலை.

எங்கள் தெருவில் புல்லட் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் ஓடிப்போய் இதைச் சொன்னேன். அவர் ஒரு கிளட்ச் தகட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எத்தனைன்னே தம்பி?"

"முப்பத்தஞ்சுண்ணே!"

"எண்ணிட்டாங்கள்ல? அப்ப வண்டி பொழைச்சுக்கும்."

அவர் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. எண்ணுகிறவர்கள் கையில் நார்ட்டன் விழுந்ததுதான் நடந்த நல்லது. 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தபோது இரண்டு பேர் உட்காரும் முதல் இந்திய மொபெட் என்ற பெயர் அதற்கு. இரண்டு பேரா? குடும்பமே உட்கார்ந்தது, மூட்டையும் சேர்த்து. அப்படி ஏற்றுவார்கள் என்று தெரிந்து வண்டி செய்கிறவனுக்குக் கவிதை எழுத நேரம் கிடையாது. எந்த போல்ட் எவ்வளவு இறுக வேண்டும் என்பதுதான் கவலை. அந்தக் கவலையை ஒழுங்காகப் பட்டதற்காக 2002-ல் ஜப்பானின் டெமிங் பரிசு டி.வி.எஸ். மோட்டாருக்குக் கிடைத்தது. தரக் கட்டுப்பாட்டுக்காரர்களுக்கு அதுதான் ஆஸ்கர்.

ஒரு தொழிற்சாலையில் இந்தக் கவலை எப்படித் தெரியும் என்று கேட்டால், போல்ட் தலையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். டார்க் ரெஞ்சை வைத்து, குறித்த அளவு வந்ததும் 'கிளிக்' என்று சத்தம் கேட்கும்வரை இறுக்குவார்கள். உடனே பெயின்ட் பேனாவால் போல்ட் தலையிலிருந்து பக்கத்து உலோகம்வரை ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். மஞ்சளோ வெள்ளையோ, சின்னக் கோடு. பிறகு போல்ட் ஒரு நூல் அசைந்தாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். குங்குமம் வைத்த மாதிரி இருக்கும். ஒரு ரூபாய்கூடப் பெறாத அந்தக் கோட்டைப் போடும் கைதான் பந்தயக் கோப்பையைவிட எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

மாளிகையைக் காலி செய்து பர்மிங்ஹாமை ஒட்டிய சோலிஹல்லில் புதுத் தொழிற்சாலை போட்டார்கள், 2021-ல் திறந்தது. நார்ட்டன் பிறந்த ஊர்ப் பக்கமே திரும்பி வந்தாயிற்று. 2022 ஏப்ரலில் 10 கோடி பவுண்டு முதலீடு என்று அறிவிப்பு. வாங்கிய விலையோ 1.6 கோடி! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அதையும் தாண்டிய கணக்கு.

முதலில் வெளியே வந்தவை பழைய வண்டிகளின் திருத்திய பதிப்புகள். கமாண்டோ 961 ஒன்று. அந்த அழகியையே மறுபடி பொறியியல் பார்த்து, 1200 சிசி, 185 குதிரைத்திறன், 44,000 பவுண்டு விலையில் வந்த வி4 எஸ்வி இன்னொன்று. வி4 எஸ்வியை நான் தலையில் வைத்துக் கொண்டாட மாட்டேன். அந்தக் காசுக்கு இத்தாலிக்காரர்கள் இன்னும் வேகமான வண்டி தருவார்கள். ஆனால் அதை ஒரு வீட்டுப்பாடமாகப் பார்க்கிறேன். முந்தைய மாணவன் தப்பாகப் போட்ட கணக்கை முதலில் சரியாகப் போட்டுக் காட்டிவிட்டுத்தான் புதுக் கணக்குக்குப் போவேன் என்கிற பிடிவாதம் அதில் இருக்கிறது.

புதுக் கணக்கு 2025 நவம்பரில் மிலான் கண்காட்சியில் வந்தது. ஒரே மேடையில் நாலு வண்டி. மாங்க்ஸ் ஆர், மாங்க்ஸ், அட்லஸ், அட்லஸ் ஜிடி! அன்று வேலை நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று என் பத்திரிகை ஆசிரியர் கேட்டால் வேறு பதில் சொல்லிக்கொள்கிறேன். மாங்க்ஸ் ஆர் 1200 சிசி வி4, 206 குதிரைத்திறன். போட்டிக்காரர்களின் வண்டிகளெல்லாம் கன்னத்தில் இறக்கை முளைத்து வௌவால் மாதிரி நிற்கும் காலத்தில் இதற்கு இறக்கையே இல்லை. வழுவழுவென்று கூழாங்கல் மாதிரி. பந்தயத் திடலின் உச்ச வேகத்துக்கல்ல, சாலையில் மனிதர்கள் நிஜமாக ஓட்டும் வேகத்துக்கு எஞ்சினைப் பதப்படுத்தினோம் என்கிறார்கள். மூட்டை ஏற்றுகிறவர்களை நினைத்து வண்டி செய்த வீட்டுப் புத்தி லேசாக எட்டிப் பார்க்கிறதோ?

ஆனால் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பியது அட்லஸ்தான். 1962-ல் கையை மரத்துப்போகச் செய்த அதே பெயர். நொடித்துப்போன பழைய நிர்வாகமும் 650 சிசியில் ஓர் அட்லஸை அறிவித்து, நடுவழியில் விட்டுப் போயிருந்தது. ராசியில்லாத பெயர் என்று வேறு யாராக இருந்தாலும் ஒதுக்கியிருப்பார்கள். புது அட்லஸ் 585 சிசி, இரட்டை சிலிண்டர். உலக்கைகள் இப்போது சேர்ந்து விழுவதில்லை. ஒன்று விழுந்து முக்கால் சுற்று கழித்துத்தான் அடுத்தது, 270 டிகிரி கணக்கு. சத்தத்தில் தாளம் இருக்கும், கையில் நடுக்கம் இருக்காது. சரி, மாங்க்ஸ் சோலிஹல்லில் உருவாகும், அட்லஸ் எங்கே?

ஓசூரில்! கிருஷ்ணகிரி மாவட்டம், நம்ம ஓசூரில்!

பட்டறைக்கு ஓடினேன். அண்ணன் எந்த அவசரமும் இல்லாமல் ஒரு பழைய தகர டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே அவர் குருநாதர் கொடுத்த விட்வொர்த் ஸ்பேனர்கள், அங்குலக் கணக்கில், எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்தவை. பழைய இங்கிலீஷ் வண்டிகளின் போல்ட்டுக்கு வேறெந்த ஸ்பேனரும் உட்காராது.

"இது வேணுமா தம்பி, அந்த வண்டிக்கு?"

"வேணாம்ணே. எல்லாம் மில்லிமீட்டர்தான்."

டப்பாவை மூடி மேலே பரணில் வைத்தார். பையிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்துக் கால்சட்டையில் துடைத்தார். டி.வி.எஸ். 50-இன் எத்தனையோ போல்ட்களைக் கழற்றித் தேய்ந்த ஸ்பேனர்.

"அப்ப இந்தப் பத்து-பன்னெண்டு பத்தும்ல?"