நள்ளிரவில் கடற்கரையில் நடக்கும் கல்லூரி மாணவர்கள்! ஆமை முட்டையைத் தேடி 7 கிலோ மீட்டர் நடை

சென்னை-

ஊர் அடங்கியபிறகு சென்னைக் கடற்கரையில் ஒரு கூட்டம் நடக்கிறது. பெரும்பாலும் கல்லூரி மாணவ-மாணவிகள். காற்று வாங்க வந்தவர்கள் அல்ல. ஆமை முட்டையைத் தேடி வந்தவர்கள்!

ஆண்டுதோறும் ஜனவரியில் தொடங்கி ஏப்ரல் வரை இந்த நடை உண்டு. இரவு 11 மணிக்கு மேல் நீலாங்கரையில் புறப்பட்டால், பெசன்ட் நகர் வந்து சேர விடியற்காலை ஆகிவிடும். தூரம் சுமார் 7 கிலோ மீட்டர். அத்தனையும் மணல்.

இதை நடத்துவது 'மாணவர்கள் கடல் ஆமை பாதுகாப்பு அமைப்பு'. 1988-ம் ஆண்டு மாணவர்களே தொடங்கியது. வனத்துறையின் அனுமதியோடு நடக்கிறது. சம்பளம் கிடையாது. மார்க்கும் கிடையாது.

பங்குனி ஆமை

முட்டையிட வருவது 'பங்குனி ஆமை'. பெட்டை ஆமை இரவில் கரையேறி, முக்கால் முழத்துக்கு மேல் ஆழமாகக் குழி பறிக்கும். நூறு முட்டைக்கு மேல்கூட இடும். மண்ணைத் தள்ளி மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். தாய்க்கும் குஞ்சுக்கும் அதற்குமேல் உறவு இல்லை.

மணலில் ஆமை வந்துபோன தடம் இருக்கும். அதை வைத்துத்தான் மாணவர்கள் குழியைக் கண்டுபிடிக்கிறார்கள். முட்டைகளைக் கையாலேயே பக்குவமாக எடுத்து, எண்ணி, பையில் போட்டு வந்து, வேலி போட்ட இடத்தில் அதே ஆழத்தில் புதைக்கிறார்கள். சுமார் 45 நாள் முதல் 60 நாளுக்குள் குஞ்சு வெளிவரும்.

இதில் ஒரு வேடிக்கை. குஞ்சு ஆணா, பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது மணலின் சூடு! சூடு அதிகமானால் பெண். குறைந்தால் ஆண்.

விளக்கு செய்யும் வினை

"ஆமை இட்ட முட்டையை அங்கேயே விட்டுட்டா என்ன?" என்று கேட்கலாம்.

விட முடியாது. நாய் தோண்டித் தின்றுவிடும். தப்பிப் பிறந்தாலும் ஆபத்து. இருட்டில் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஓடுவது குஞ்சின் இயல்பு. ஒருகாலத்தில் கடல்தான் வெளிச்சமாகத் தெரிந்தது. இன்று ரோட்டு விளக்கும், ஓட்டல் விளக்கும், பங்களா விளக்கும் கண்ணைப் பறிக்கின்றன. குஞ்சு கடலை விட்டு ரோட்டுக்குப் போய் மடிகிறது.

அதனால்தான் குஞ்சு பொரித்ததும் மாணவர்களே கடலோரம் கொண்டுபோய் விடுகிறார்கள். ஆயிரத்தில் ஒன்று பிழைத்து வளர்ந்தால் பெரிது என்பார்கள்.

பாட்டிலில் கடிதம்

சென்னையில் இந்த நடை 1970-களிலேயே தொடங்கிவிட்டது. தொடங்கியவர்கள் கிண்டி பாம்புப் பண்ணையைச் சேர்ந்தவர்கள். அவர்களில் ஒருவர் சதீஷ் பாஸ்கர். சென்னை ஐ.ஐ.டி.யில் என்ஜினீயரிங் படித்தவர். ஆமை மீது ஆசை வந்து இந்தியக் கடற்கரைகளையெல்லாம் நடந்தே அளந்தார்.

1982-ம் ஆண்டு மழைக்காலத்தில் லட்சத்தீவில் ஆள் இல்லாத தீவு ஒன்றில் தன்னந்தனியாகத் தங்கி ஆமைகளைக் கணக்கெடுத்தார். படகும் வராது, தபாலும் போகாது. மனைவிக்குக் கடிதம் எழுதி, பாட்டிலில் அடைத்துக் கடலில் போட்டார். அது இலங்கை மீனவர் ஒருவர் கையில் கிடைத்து, அவர் மூலம் மனைவிக்குப் போய்ச் சேர்ந்தது! சதீஷ் பாஸ்கர் 2023-ல் காலமானார்.

1988-ல் மாணவராக இந்த அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர் கார்த்திக் சங்கர். பின்னாளில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஆனார்.

செத்து ஒதுங்கின

2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. பார்த்தவர்கள் பதறிப்போனார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

ஆமை கடலில் வாழ்ந்தாலும் மேலே வந்துதான் மூச்சு விடவேண்டும். விசைப்படகின் இழுவலையில் சிக்கி நெடுநேரம் தண்ணீருக்குள் கிடந்தால் மூச்சுமுட்டிச் செத்துவிடும். வலையில் ஆமை மட்டும் தப்பிச்செல்ல வழிவைக்கும் கருவி உண்டு. "அதை மாட்டினா மீனும் போயிடும்" என்பது படகுக்காரர்களின் பயம். ஆமையும் பிழைக்கவேண்டும், மீனவர் பிழைப்பும் நடக்கவேண்டும். இந்தக் கணக்கைப் போடத்தான் படித்த பிள்ளைகள் தேவை.

கோர்ட்டு உத்தரவு

கல்லூரியில் சுற்றுச்சூழல் பாடம் கட்டாயமானது சுப்ரீம் கோர்ட்டு உத்தரவால்தான். வக்கீல் எம்.சி.மேத்தா போட்ட வழக்கில் 22-11-1991 அன்று தீர்ப்பு வந்தது. சினிமா தியேட்டரில் ஒவ்வொரு காட்சியிலும் சுற்றுச்சூழல் சிலைடு காட்டவேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது!

பின்னர் பல்கலைக்கழக மானியக்குழு தயாரித்த பாடத்திட்டத்தில் மொத்தம் 100 மார்க். அதில் 25 மார்க் வெளியே போய்ப் பார்த்து எழுதுவதற்கு. ஆறு, குளம், மாசுபட்ட இடம் எதுவானாலும் சரி. ஆனால் பல இடங்களில் பக்கத்து பெஞ்சு நோட்டைப் பார்த்து எழுதிக் கொடுப்பதோடு சரி. "பாஸ் ஆனா போதும்" என்பதே பேச்சு.

வேலைக்கும் வழி

மேலே படிக்கவும் வழி இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் ஆய்வு மையம், மேட்டுப்பாளையத்தில் வனக்கல்லூரி, பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் ஆகியவை உள்ளன. 2023-ல் தமிழக அரசு அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, சம்பளத்துடன் இளைஞர்களை மாவட்டந்தோறும் சுற்றுச்சூழல் பணிக்கு அனுப்பும் பசுமைப் புத்தாய்வுத் திட்டத்தைத் தொடங்கியது.

கவனிக்க

நடைக்கு மாணவர்கள்தான் வரவேண்டும் என்பதில்லை. ஆபீஸ் போகிறவர்களும் கடைக்காரர்களும் பிள்ளைகளோடு வரலாம். செல்போன் டார்ச் அடிக்கக்கூடாது. ஆமை கரையேறினால் பேசாமல் ஒதுங்கி நிற்கவேண்டும். முட்டையைத் தாங்களாகத் தொடக்கூடாது. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி ஆமை முட்டையை எடுத்து விற்றால் ஜெயில்தான்!