கார்பன் டை ஆக்சைடுக்கும் ஒரு வேலை இருக்கு!

2017-ல நெடுவாசல் போராட்டம் நடந்தப்போ நம்ம புதுக்கோட்டை மாவட்டமே பேசின வார்த்தை 'ஹைட்ரோகார்பன்'. அந்தக் குடும்பத்துல ஒருத்தர்தான் கேஸ் சிலிண்டர்ல இருக்கற புரோப்பேன். இது ஒரு பாரஃபின். இதிலிருந்து 2 ஹைட்ரஜன் அணுவை உருவிட்டா புரோப்பிலீன், அதாவது ஒலிஃபின். வாளி, கயிறு, சிமெண்ட் சாக்கு செய்யற பாலிபுரோப்பிலீனுக்கு இதுதான் மூலப்பொருள். மகாராஷ்டிராவில் கெயில் நிறுவனத்தின் உசார் ஆலைத் திட்டமும் இதற்காகத்தான். திறன் ஆண்டுக்கு 5 லட்சம் டன்.

உருவுறது சுலபமில்லை. சுமார் 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேணும். பிரிஞ்ச ஹைட்ரஜன் பக்கத்துலயே இருந்தா வினை சமநிலையில நின்னுடும். போதாததுக்கு வினையூக்கி மேல கரி படியும்.

ஆக்சிஜன் விட்டா ஹைட்ரஜன் போயிடும். ஆனா புரோப்பிலீனும் சேர்ந்து எரியும். கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் நிதானமான ஆள். ஹைட்ரஜனோட சேர்ந்து கார்பன் மோனாக்சைடாகவும் நீராகவும் மாறும். விளைபொருள் ஒண்ணு குறைஞ்சா சமநிலை முன்னோக்கி நகரும்: பிளஸ் டூ-ல மனப்பாடம் பண்ண அதே லே சாட்டலியர்! படிஞ்ச கரியையும் ஓரளவு தின்னும். குரோமியம் ஆக்சைடு வினையூக்கியில இதை நிறைய ஆராய்ஞ்சிருக்காங்க.

ஆனா உஷார். கார்பன் டை ஆக்சைடின் கார்பன் பிளாஸ்டிக்குள்ள போறதில்லை. மோனாக்சைடாத்தான் வெளியே வருது. இந்த வழிக்கு வெப்பமும் கூடுதலா வேணும். அதனால 'பசுமைத் தொழில்நுட்பம்'னு யாராவது சொன்னா முதல்ல கேளுங்க: உலையை எதை எரிச்சு சூடாக்கறீங்க?