அன்னை தந்த சுருதி

சென்னையின் மேற்கே, பாடியில், அருள்மிகு ஜகதாம்பிகை உடனுறை திருவல்லீஸ்வரர் திருக்கோயில் அமைந்துள்ளது. தேவாரத்தில் திருவலிதாயம் என வழங்கும் இத்தலத்துக்குரிய திருஞானசம்பந்தரின் பதிகம், முதல் திருமுறையில் மூன்றாவதாக வைக்கப்பெற்றுள்ளது. குரு பகவான் வழிபட்டுப் பேறு பெற்ற தலம் என்பதால் வியாழக்கிழமைகளில் இங்கு வரும் அன்பர்கள் பலர். அவர்கள் அம்பிகையின் சந்நிதியில் நிற்கும்போது ஒன்றை நினைந்து பார்க்கலாம். இத்தலத்தைப் பாடிய ஆளுடைய பிள்ளையார், சீர்காழித் திருக்குளக் கரையில் உமையம்மை ஊட்டிய ஞானப்பாலை உண்ட பின்னரே பாடத் தொடங்கினார். பாலும் பாட்டும் ஒருசேரத் தாயிடமிருந்தே வந்தன.

தெய்வக் குழந்தைக்கு வாய்த்த அந்தப் பேற்றின் சாயலை மானிடர் வாழ்விலும் காண்கிறோம். அதற்கு நாம் அறிந்த சிறந்த சான்று, இசையரசி எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார்.

1916 செப்டம்பர் 16 அன்று மதுரையில் அவர் பிறந்தார். தாயார் சண்முகவடிவு புகழ்பெற்ற வீணைக் கலைஞர். பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். தமையன் சக்திவேல் மிருதங்கமும், தங்கை வடிவாம்பாள் வீணையும் பயின்றனர். மீனாட்சியம்மன் கோயிலுக்கு அண்மையில் இருந்த அச்சிறிய வீட்டில் செல்வம் மிகுந்திருக்கவில்லை, நாதம் நிறைந்திருந்தது. சுவாமி வீதியுலா வரும்போது, அந்தச் சந்து திரும்பும் இடத்தில் நாகஸ்வர வித்துவான்கள் நின்று, சண்முகவடிவு கேட்க வேண்டும் என்பதற்காகவே ராகத்தை விரித்து வாசிப்பார்களாம்.

முதன்முதலில் சபையில் பாடிய நாளை எம்.எஸ். அவர்களே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். வீட்டு வாசலில் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்த சிறுமியை யாரோ தூக்கிச் சென்று, கையைத் துடைத்து, தாயார் வீணை வாசித்துக்கொண்டிருந்த சேதுபதி பள்ளி மேடையில் அமர்த்தினர். அன்னை பாடச் சொன்னார், மகள் பாடினாள். கைதட்டலின் பொருளறியாத அந்தக் குழந்தை, மீண்டும் மண் விளையாட்டையே நாடிற்று. பத்து வயதில் வெளிவந்த அவரது முதல் இசைத்தட்டிலும் உடன் ஒலித்தது தாயின் வீணையே.

சண்முகவடிவு கண்டிப்பானவர். பெண்ணைத் தெருவில் அலைய விடமாட்டார். சாதகம் தவறக் கூடாது. தம்பூராவை மீட்டிச் சுருதியில் ஒன்றிப் பாடுவது, மீட்டுதலை நிறுத்திவிட்டு வெறும் குரலில் பாடிச் செல்வது, பிறகு மீண்டும் மீட்டிச் சுருதி விலகாதிருக்கிறதா என்று தம்மைத் தாமே சோதித்துக்கொள்வது என்பதே சிறுமியின் அன்றாடப் பயிற்சி. பின்னாளில் உலகம் வியந்த சுருதி சுத்தத்தின் வேர் அந்த வீட்டில்தான் இருந்தது.

தாய்க்கும் மகளுக்கும் இடையே எல்லாம் இனிமையாகவே நடந்தன என்று சொல்வதற்கில்லை. மகளின் எதிர்காலம் பற்றி அன்னைக்கு ஓர் எண்ணம் இருந்தது. மகளுக்கு வேறோர் எண்ணம். 1936இல் எம்.எஸ். மதுரையை நீங்கிச் சென்னை வந்தார். 1940இல் திருநீர்மலையில் சதாசிவம் அவர்களை மணந்தார். அந்தப் பிரிவு பெற்றவளுக்கு எத்துணை வேதனையைத் தந்திருக்கும் என்பதைப் பெண்ணைப் பெற்றவர்கள் அறிவார்கள்.

எனினும் ஒன்று மட்டும் மாறவில்லை. அவர் பெயரின் முன்னிருந்த இரண்டு எழுத்துகள் மதுரையையும் சண்முகவடிவையும் குறிப்பவை. 1966இல் ஐக்கிய நாடுகள் சபையில் பாடியபோதும், 1968இல் பெண்களில் முதல்வராகச் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றபோதும், 1998இல் பாரத ரத்னா விருது பெற்றபோதும் அன்னையின் பெயர் முன்னே வந்தது. மகளின் பெயர் அதைத் தொடர்ந்தே வந்தது. வீட்டை விட்டு வந்தவர், வீடு தந்த பெயரையும் சுருதியையும் விட்டுவிடவில்லை.

1963இல் அவர் பாடிப் பதிவான வேங்கடேச சுப்ரபாதம் இன்றும் எண்ணற்ற இல்லங்களில் விடியலை அழைக்கிறது. அந்தத் தூய நாதத்தைக் கேட்கும்போது, பெயரளவில் மட்டுமே நாமறிந்த ஒரு வீணைக் கலைஞருக்கும் மனத்தால் ஒரு வணக்கம் செலுத்துவோம். பெரிய வித்தை ஏதும் நமக்குத் தெரியாமற் போகலாம். மாலையில் விளக்கேற்றியதும் பேரக் குழந்தையை அருகில் அமர்த்தி, நமக்குத் தெரிந்த ஒரு பதிகத்தைச் சொல்லிக்கொடுக்கலாம். நாம் ஊன்றிய சுருதி, நாம் இல்லாத காலத்திலும் அந்தக் குரலில் நிற்கும். ஜகதாம்பிகை அதற்கு அருள்புரிவாளாக!