முழந்தாளிட்ட மகாராணி



1474ஆம் ஆண்டு டிசெம்பர் 13ஆம் நாள். புனித லூசியாவின் திருநாளாகிய அன்று, ஸ்பெயின் தேசத்தின் செகோவியா நகரிலே, தூய மிக்கேல் ஆலயத்தின் முன்பாக மேடையொன்று எழுப்பப்பட்டிருந்தது. 23 வயது நிரம்பிய இளம்பெண் ஒருவர் அம்மேடையில் கஸ்தீல் இராச்சியத்தின் அரசியாக அறிவிக்கப்பட்டார். ஊர்வலம் புறப்பட்டபோது, அவருக்கு முன்னே பிரபு ஒருவர் உருவிய வாளை உயர்த்திப் பிடித்தவாறு நடந்தார். நீதி வழங்கும் அதிகாரத்தின் அடையாளம் அந்த வாள். பெண்ணொருவருக்கு முன்பாக அது ஏந்தப்பட்டதைக் கேள்வியுற்று, அவ்வேளை வேறு நாட்டில் இருந்த அவருடைய கணவரே திகைத்துப் போனார்.

அந்த இளம்பெண்தான் பின்னாளில் 'கத்தோலிக்க அரசி' என்று உலகம் அழைத்த முதலாம் இசபெல்லா.

அவரைப் பற்றிய இன்னொரு காட்சியையும் பழைய துறவறச் சபை வரலாறு நமக்குத் தருகின்றது. அரசர்கள் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது குருவானவரும் உடன் முழந்தாளிடுவது அக்கால அரண்மனை வழக்கம். புதிதாக நியமனம் பெற்ற ஹெர்னாண்டோ தெ தலவேரா என்னும் துறவியோ, இருக்கையை விட்டு எழவில்லை. இருவருமே முழந்தாளிட வேண்டுமே என்று அரசி நினைவூட்டினார். இது இறைவனின் நீதியாசனம், நான் அவருடைய இடத்தில் இருக்கின்றேன், ஆகவே அரசியார் முழந்தாளிட நான் அமர்ந்தே இருப்பேன் என்று துறவி விடையிறுத்தார். அரசி மறுமொழி கூறாது முழந்தாளிட்டார். பின்னர், தாம் தேடிக்கொண்டிருந்த ஆன்மகுரு இவரே என்று கூறினாராம்.

உயர்த்திய வாள், மடங்கிய முழந்தாள். இவ்விரண்டுக்கும் இடையே வாழ்ந்த ஒருவரின் வரலாற்றை, அன்புக்குரிய வாசகர்களே, இவ்வாரம் உங்களோடு சேர்ந்து தியானிக்க விழைகின்றோம்.

ஒதுக்கப்பட்ட சிறுமி

1451ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் மத்ரிகால் என்னும் சிற்றூரிலே இசபெல்லா பிறந்தார். தந்தையாகிய மன்னர் இரண்டாம் ஹுவான் இறந்தபோது அவருக்கு வயது மூன்று. மூத்த தாரத்தின் மகனாகிய நான்காம் என்ரிக்கே அரியணை ஏறினார். இசபெல்லாவோ, தாயோடும் தம்பி அல்போன்சோவோடும் அரேவலோ என்னும் ஊரிலே ஒதுங்கி வாழ்ந்தார். மனநலம் குன்றிவந்த தாயின் அருகிலேயே அவருடைய இளமை கழிந்தது. செபமும் கைவேலையும் அங்கே அவர் கற்றவை. அவர் அரசியாவார் என்று எவரும் எண்ணாததால், ஆட்சிக்குரிய கல்வி அவருக்கு ஊட்டப்படவில்லை. அரசியான பின்னரே அவர் முயன்று இலத்தீன் மொழியைக் கற்றார்.

1462இல் என்ரிக்கே மன்னருக்கு ஹுவானா என்னும் மகள் பிறந்தாள். அக்குழந்தை மன்னருடையதல்ல என்ற வதந்தியை எதிரிகள் பரப்பினர். 1465இல் கலகஞ்செய்த பிரபுக்கள் மன்னரின் உருவப்பொம்மையை அரியணையினின்று இறக்கிவிட்டு, பதினொரு வயதுச் சிறுவனாகிய அல்போன்சோவை அரசனாக்கினர். மறுவருடம், கலகக்காரரைச் சமாதானப்படுத்தும் பொருட்டு, தம்மிலும் பல ஆண்டுகள் மூத்த பெத்ரோ ஹிரோன் என்ற பிரபுவுக்கு இசபெல்லாவை மணமுடித்துக் கொடுக்க ஏற்பாடாயிற்று. தப்புவிக்கும்படி அவர் இறைவனிடம் கண்ணீரோடு மன்றாடினார் என்பர். மணமகன் வரும் வழியிலேயே நோயுற்று மாண்டார்.

முடியை நோக்கிய பாதை

1468 ஜூலையில் அல்போன்சோவும் இறந்தார். பிரபுக்கள் உடனே 17 வயது இசபெல்லாவிடம் முடியைக் கொண்டுவந்தனர். என்ரிக்கே உயிரோடிருக்கும் வரை தாம் அரசியாவதில்லை என்று அவர் மறுத்துவிட்டார். அந்த மறுப்பில் விவேகமும் இருந்தது, நேர்மையும் இருந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் தொரோஸ் தெ கிசாந்தோ என்னுமிடத்தில் அண்ணனும் தங்கையும் உடன்படிக்கை செய்துகொண்டனர். இசபெல்லா அடுத்த வாரிசாக ஏற்கப்பட்டார். மன்னரின் சம்மதமின்றி மணஞ்செய்வதில்லை என்று அவரும் வாக்களித்தார்.

அந்த வாக்கு நிலைக்கவில்லை. போர்த்துக்கல் மன்னருக்கு அவரை மணமுடிக்க என்ரிக்கே முயன்றபோது, இசபெல்லா அரகோன் இளவரசர் பேர்டினண்டைத் தாமே தெரிந்துகொண்டார். வணிகர் கூட்டமொன்றின் பணியாள் போல வேடமிட்டு இளவரசர் எல்லை கடந்து வந்தார். 1469 ஒக்டோபர் 19ஆம் நாள் வல்லடோலிட் நகரில் திருமணம் நிறைவேறியது. இருவரும் நெருங்கிய உறவினராகையால் பாப்பரசரின் விசேட அனுமதி தேவைப்பட்டது. அன்று காட்டப்பட்ட அனுமதிப் பத்திரமோ போலியானது. மெய்யான அனுமதியைப் பாப்பரசர் நான்காம் சிக்ஸ்துஸ் 1471இலேயே வழங்கினார். அரியணைக்குச் செல்லும் பாதை, பக்தியுள்ளவருக்கும் தூசு படாத பாதையாக அமைவதில்லை என்பதை இங்கே காண்கின்றோம்.

சினமுற்ற என்ரிக்கே 1470இல் இசபெல்லாவின் வாரிசுரிமையை இரத்துச் செய்தார். அந்த இருண்ட ஆண்டுகளில் அவருக்குக் கைகொடுத்தவர்கள் எவரென்பதை, வாசகர்களே, சற்று மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். செகோவியாக் கோட்டையையும் அரச கருவூலத்தையும் காத்திருந்த அந்திரேஸ் தெ கப்ரேரா, யூத மரபிலிருந்து கிறிஸ்தவம் தழுவிய குடும்பத்தினர். 1473இன் இறுதியில் மன்னரையும் இசபெல்லாவையும் மீண்டும் ஒன்றுகூட்டும் முயற்சியில் அவரோடு உழைத்த ஆபிரகாம் செனியோர், யூத சமயத்தையே பின்பற்றியவர். மறு ஆண்டு டிசெம்பரில் என்ரிக்கே இறந்ததும் இசபெல்லா தாமதமின்றி முடிசூட முடிந்தது, அந்தக் கோட்டையும் கருவூலமும் அவர் பக்கம் நின்றமையாலேயே. அவரை முழந்தாளிடச் செய்த தலவேரா அடிகளாரும் யூத வழித்தோன்றலே.

நீதியின் அரசி

ஹுவானாவின் உரிமையை முன்வைத்துப் போர்த்துக்கல் மன்னர் படையெடுத்து வந்தார். 1475 முதல் 1479 வரை போர் நீடித்தது. வெற்றி இசபெல்லாவுக்குக் கிட்டியது. தோற்ற ஹுவானா கன்னியர் மடத்திற்குச் சென்றாள்.

சீர்குலைந்து கிடந்த நாட்டை அரசி ஒழுங்குபடுத்தினார். 1476இல் வழிப்பறியை ஒடுக்கக் காவற்படையை அமைத்தார். 1477இல் செவில் நகரில் வெள்ளிக்கிழமைகளில் மக்கள் முன்னிலையில் வீற்றிருந்து வழக்குகளைக் கேட்டார். 1480இல் தொலேதோ நகரில் கூடிய சபையின் மூலம், பிரபுக்கள் கைப்பற்றியிருந்த அரச வருமானங்களைத் தலவேரா அடிகளாரின் கணக்காய்வைக் கொண்டு மீட்டெடுத்தார். ஏழைகள் இந்த அரசியை வாழ்த்தியதில் வியப்பில்லை.

1492

அவ்வாண்டு ஜனவரி 2ஆம் நாள், முஸ்லிம் மன்னரின் வசமிருந்த கிரனாடா சரணடைந்தது. முஸ்லிம்கள் தங்கள் சமயத்தைத் தொடரலாம் என்று எழுத்தில் உறுதியளிக்கப்பட்டது. தலவேரா அந்நகரின் முதற் பேராயரானார். தம் குருக்கள் அரபு மொழி கற்கவேண்டுமென அவர் விரும்பினார். தாமும் முதிர்வயதில் கற்க முயன்றார். வற்புறுத்தாது அன்பால் அழைப்பதே அவருடைய வழி. ஆனால் 1499இல் பேராயர் சிஸ்நேரோஸ் அங்கே வந்து கட்டாய மனமாற்றத்தைத் தொடங்கியபோது கலகம் மூண்டது. 1502இல் கஸ்தீல் முஸ்லிம்கள் திருமுழுக்குப் பெறவேண்டும், அல்லது வெளியேறவேண்டும் என்று ஆணை பிறந்தது. கொடுத்த உறுதிமொழி காற்றில் போயிற்று.

யூதருக்கு நேர்ந்தது அதற்கும் முந்தியது. 1478இல் பாப்பரசரின் அனுமதியோடு தொடங்கிய விசாரணை மன்றம், மதம் மாறிய யூதரின் விசுவாசத்தைச் சோதிப்பதாகக் கூறிப் பலரைத் தீயிலிட்டது. அதன் கொடுமையைக் குறித்து 1482இல் அதே பாப்பரசர் நான்காம் சிக்ஸ்துஸ் கண்டித்து எழுதினார். எனினும் அது நிற்கவில்லை. 1492 மார்ச் 31ஆம் நாள், யூதர் அனைவரும் ஜூலை முடிவதற்குள் திருமுழுக்குப் பெறவேண்டும், அல்லது நாட்டைவிட்டு நீங்கவேண்டும் என்ற ஆணையில் அரசியும் மன்னரும் ஒப்பமிட்டனர். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணைவிட்டுப் பல்லாயிரம் குடும்பங்கள் வெளியேறின. முதியவரான ஆபிரகாம் செனியோர் வெளியேறவில்லை. ஜூன் 15ஆம் நாள் குவாதலூப்பே மடாலயத்தில் அவர் திருமுழுக்குப் பெற்றார். ஞானப் பெற்றோராக நின்றவர்கள் அரசியும் மன்னருமே.

இசபெல்லாவை அரியணைக்கு ஏற்றிவிட்ட கைகளுள் ஒன்று அந்த முதியவருடையது. தன் மக்களின் விசுவாசத்தை விட்டுவிடும்படி அவரை நெருக்கிய ஆணை, இறைவனுக்குச் செய்யும் சேவை என்று நம்பியே எழுதப்பட்டது. நெஞ்சைச் சுடுவது அதுதான்.

மரணப் படுக்கையில்

அதே ஆண்டிலேயே அரசியின் ஆதரவோடு கொலம்பஸ் கடல் கடந்தார். புதிய நிலங்களின் மக்களை அவர் அடிமைகளாக அனுப்பியபோது, 1495இல் அவர்களை விற்க முதலில் அனுமதித்த அரசி, சில நாட்களிலேயே மனம் உறுத்தி, இறையியலாளரின் கருத்தை அறியும்வரை விற்பனையை நிறுத்தினார். 1500இல் அவர்களை விடுவித்துத் தாய்நாட்டிற்கு அனுப்பும்படி கட்டளையிட்டார்.

ஒரே மகன் 1497இலும், மூத்த மகள் 1498இலும் இறந்தனர். துயரத்தாலும் நோயாலும் தளர்ந்த அரசி, 1504 ஒக்டோபர் 12ஆம் நாள் தம் மரண சாசனத்தை எழுதுவித்தார். முதலில் கடன்கள் தீர்க்கப்பட வேண்டும். பிரான்சிஸ்கன் அங்கியில், ஆடம்பரமின்றி அடக்கம் செய்யவேண்டும். சடங்குக்குச் செலவாகும் பணத்தில் ஏழைகளுக்கு ஆடை வழங்கவேண்டும். மெழுகை ஏழ்மையான ஆலயங்களில் நற்கருணையின் முன் எரியக் கொடுக்கவேண்டும். சிறைப்பட்ட 200 பேரை மீட்கவேண்டும் என்றெல்லாம் அதில் கண்டுள்ளது. நவம்பர் 23இல் சேர்த்த இணைப்பிலே, கடல் கடந்த நாடுகளின் மக்களுக்குத் தீங்கிழைக்கலாகாது, இழைத்திருப்பின் பரிகாரம் செய்யவேண்டும் என்று வேண்டினார். மூன்று நாட்களின் பின் கண்ணயர்ந்தார்.

எத்துணை நுண்ணிய ஆன்மசோதனை! ஆயினும், அதே சாசனத்தில் விசாரணை மன்றத்துக்குத் துணைநிற்கும்படியும் வாரிசுகளைக் கேட்டுக்கொண்டார். துரத்தப்பட்ட யூதருக்காக ஒரு வரியேனும் வருந்தி எழுதவில்லை. அவர் மறைந்தபின் அதே மன்றம் முதியவரான தலவேரா பேராயரின் உறவினரைச் சிறையிலிட்டு அவர்மீதும் குற்றஞ்சாட்டியது. உரோமை அவரைக் குற்றமற்றவராகக் கண்டது; 1507இல் அவர் உயிர்நீத்தார்.

நமக்குரிய கேள்வி

இவ்வரசி நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். கிழக்கு நாடுகளைப் போர்த்துக்கல்லுக்கு ஒதுக்கிய 1494ஆம் ஆண்டின் தொர்தெசில்லாஸ் உடன்படிக்கை அவருடைய ஆட்சியிலே நிகழ்ந்தது. புனித பிரான்சிஸ் சவேரியாரை 1541இல் கிழக்கே அனுப்பிவைத்த போர்த்துக்கல் மன்னர் மூன்றாம் ஜோன், இசபெல்லாவின் மகள் மரியாவின் மைந்தர். சவேரியார் அனுப்பிய குருவானவரால் 1544இல் மன்னார்க் கரையில் விசுவாசம் விதைக்கப்பட்டதையும், அங்கே இரத்தம் சிந்தியோரையும் நாம் அறிவோம். விசுவாசத்துக்காக வாளுக்கு இரையானோரின் பிள்ளைகள், விசுவாசத்தின் பெயரால் வாளெடுப்பதன் கொடுமையை மற்றெவரிலும் நன்கு உணரவேண்டியவர்கள் அல்லவா?

அரசியைப் புனிதராக்கும் முயற்சி 1958இல் வல்லடோலிட் மறைமாவட்டத்தில் தொடங்கியது, இன்னும் நிறைவேறவில்லை. இதனிடையே, 2000ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள், புனித பேதுரு பேராலயத்தில் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல், உண்மையின் பெயரால் வன்முறையைக் கையாண்ட பாவத்துக்காகவும், இஸ்ரயேல் மக்களுக்கு இழைத்த தீங்குக்காகவும் திருச்சபை முழுவதன் சார்பில் இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். அரசி கேளாத மன்னிப்பைத் திருச்சபை கேட்டது.

அன்பார்ந்த குடும்பங்களே, நாமும் முழந்தாளிடுகின்றோம். பாவங்களை எண்ணிச் சொல்லுகின்றோம். நாம் பாவமென்று அறிந்தவற்றையே சொல்லுகின்றோம். நற்செயல் என்று நம்பி நாம் செய்ததால் காயப்பட்டவர் எவர்? பிற சமயத்தவரை மணந்தார் என்று நாம் வாசற்படி மிதிக்க விடாத மகளா? நாம் உயர்வதற்குத் தோள்கொடுத்து, உயர்ந்த பின் நாம் மறந்த அயலவரா? இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்ததும், விளக்கணைக்கு முன்பாக, அத்தகைய ஒருவரின் பெயரை நினைவுகூருங்கள். நாளை அவருடைய வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.